அவள் பெயரில் நான் பேசிய ஆங்கிலம்

பொறாமைப்பட்டேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது. அதனால் அதற்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டேன். திரையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் கெட்டுவிடும் என்றேன். கையெழுத்து போய்விடும் என்றேன். இலக்கணம் தெரியாமல் பேசி என்ன பிரயோசனம் என்றேன். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் அடுக்கும்போது மற்ற ஆசிரியர்கள் தலையாட்டியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கிணத்துக்கடவிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். சுற்றிலும் தென்னந்தோப்பு, தோப்புகளுக்கு நடுவே தேங்காய் நார் மில்கள். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் அந்த மில்களில் வேலை செய்கிறவர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் ஃபெயிலானவர்கள் சொற்பம். ஆனால் ஒருவரையாவது பேச வைத்தேனா என்றால், இல்லை. பரீட்சையில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே பேச வராது. படிக்க வரும், எழுத வரும், செயப்பாட்டு வினையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வகுப்புக்குள் நுழைந்ததும் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கேள்வி நன்றாகவே புரிந்தது. பதிலும் தெரியும். ஆனால் நான் தமிழில்தான் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக அப்படிச் செய்ததாக அவர் எடுத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்படி என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அறிவியலுக்கு ஒரு புது டீச்சர் மாற்றலாகி வந்தார். சிங்காநல்லூரிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே, இன்னொரு கையால் விடைத்தாளைத் திருத்துவார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வந்த ஆறாவது மாதம் ஓர் அறக்கட்டளை எங்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு டேப், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினி, கொடுத்தது. அதில் ஆங்கிலம் பேசிப் பழக ஒரு செயலி போட்டிருந்தார்கள்.

யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது என்று ஹெச்.எம். கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "ஒரு மாசம் ஆடுமுங்க சார், அப்புறம் பீரோவுல தூங்கும்" என்று சொன்னேன். பயத்தில் சொன்னதுதான் அது. பேசச் சொல்கிற பொருள், நான் முதலில் பேசிக் காட்ட வேண்டியிருக்குமே. அறிவியல் டீச்சர் கையைத் தூக்கினார். "நான் பாத்துக்கறேனுங்க சார்."

டேப் ஒரு மாதத்தில் தூங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு வாக்கியம் சொல்லும், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடும். நட்சத்திரம் சேரச் சேர லெவல் ஏறும், குறைந்தால் இறங்கும். இன்னொரு பகுதியும் உண்டு. இன்று உனக்கு என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்கும். பிள்ளை சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கேட்கும். ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஒரு படம். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றேதான், மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு மயில் படம். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறாள். அந்த மூன்று வருடத்தில் "உள்ளேன் டீச்சர்" என்பதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை. எழுப்பிப் படிக்கச் சொன்னால் புத்தகத்தின் மூலையைச் சுருட்டிக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிவிடுவேன். மந்தம் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் ஆய்வுக்கூடத்தைக் கடந்து போகும்போது ஜன்னல் வழியாக ஒரு புதுக் குரல் காதில் விழுந்தது. நிற்காமல், தயங்காமல், ஆங்கிலத்தில் யாரோ கதை சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தேன். மயில்தான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பட்டது பொறாமை. முதலில் அறிவியல் டீச்சர் மேல், அடுத்து அந்த டேப் மேல், கடைசியில் அந்தப் பிள்ளை மேலேயே. கல்லூரி நாளிலிருந்து முப்பது வருடமாக நான் திறக்க முடியாமல் வைத்திருக்கிறேன், இவள் மூன்று மாதத்தில் தன் வாயைத் திறந்துவிட்டாளே என்று இருந்தது. அடுத்த வாரம் பிரேயரில் அவள் ஆங்கிலச் செய்தி வாசித்தாள். ஹெச்.எம். கைதட்டிவிட்டு அறிவியல் டீச்சர் பக்கம் திரும்பி, "அருமைங்க" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் அந்த வார்த்தை போனது.

வட்டார அளவில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருவர், மூன்று நிமிடம், தாள் பார்க்காமல் பேச வேண்டும். செயலியில் யாருக்கு லெவல் அதிகமோ அவரை அனுப்பலாம் என்று முடிவானது. ஆறாவது லெவலில் மயில் ஒருத்திதான் இருந்தாள். போட்டிக்கான விண்ணப்பம் ஹெச்.எம். மேஜையில் கிடந்தது. தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் அறிவியல் டீச்சரின் பெயர். பாடம் ஆங்கிலம், பிள்ளை என் வகுப்புப் பிள்ளை, பெயர் அவருடையது.

மறுநாள் ஐந்தாம் பீரியடில், எந்த நாளும்போல, எனக்கு வகுப்பு இல்லை. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் இருந்தார்கள். ஆய்வுக்கூடம் காலி. அப்படி என்னதான் பேசுகிறாள் என்று பார்த்துவிடலாம் என உள்ளே போனேன். டேப்பை எடுத்து மயிலைத் தொட்டேன். அவள் பேசியதெல்லாம் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொல்லியிருந்தாள். நார் உரிக்கையில் அம்மாவின் கை வெடித்துப்போவதைச் சொல்லியிருந்தாள். நிறையத் தப்பு இருந்தது. ஆனால் எதுவும் புரியாமல் போகவில்லை. ஒருநாள் டேப் அவளிடம் ஆங்கில வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தாள். எங்கள் ஆங்கில டீச்சர் நல்லவர், அவருக்கு நிறையத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிடும். நான் தப்புச் சொல்வதற்கு முன்னாலேயே மாறிவிடும். அதைப் பார்த்ததும் தெரிந்த வார்த்தையும் எனக்கு மறந்துபோகும். இவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொன்னதற்கு நன்றி என்றது டேப்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. என்னிடம் மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள், என்னைப் பற்றி இத்தனை பெரிய விஷயத்தை, கையகலக் கண்ணாடிப் பலகையிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறது. நீ யார் நன்றி சொல்ல என்று கேட்கத் தோன்றியது. அந்த ஆத்திரத்தில், ஐந்து நட்சத்திரம் என்றால் என்னவென்று நான் காட்டுகிறேன் பார் என்று, அவள் செய்துகொண்டிருந்த பாடத்தையே திறந்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

இரண்டு நட்சத்திரம்.

மறுபடி சொன்னேன். இரண்டு. நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒன்று. மணி அடிக்கும் வரை அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஐந்தாம் பீரியடில் மறுபடி போனேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் சமையல் செய்யும்போது உதடு தானாக அசைந்தது. ஒருநாள் மூன்று நட்சத்திரம் விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எனக்கும் ஒரு கணக்கு அதில் இருந்தது, ஆசிரியர்களுக்கென்றே பல்பு படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதில் பேசினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற அறிக்கையில் என் பெயருக்கு நேராக என் நட்சத்திரம் வந்துவிடும். அந்த அறிக்கையைப் பார்ப்பது அறிவியல் டீச்சர். செத்தாலும் அது மட்டும் நடக்கக்கூடாது என்று இருந்தேன். அதனால் இரண்டு வாரமும் மயிலுக்குள் உட்கார்ந்துதான் பேசினேன்.

இருபது வருடமாக மதிப்பெண் கூட்டிப் போடுகிற எனக்கு, இன்னொருவர் கணக்கில் ஒன்றும் இரண்டுமாக வாங்கினால் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. தோன்ற வேண்டாம் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சர் அறிக்கையை வைத்துக்கொண்டு குழப்பத்தோடு நின்றார். "ஆறுல இருந்த புள்ளைங்க, நாலுக்கு வந்துருச்சு. என்னாச்சுன்னே தெரியலீங்க டீச்சர்." எனக்கு முதலில் வந்தது ஓர் இன்பம். மறைத்து என்ன ஆகப்போகிறது? "மெஷினை நம்புனா இப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பக்கத்திலேயே நேரம் போட்டிருந்தது. தினமும் ஐந்தாம் பீரியட். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஆய்வுக்கூடம் பக்கமும் போகவில்லை. போட்டிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதினார்கள். அதையும் பார்த்தேன். பிரேயரில் மயில் வாசிக்க வேண்டிய முறை வந்தபோது அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசையிலேயே நின்றுகொண்டாள். அதையும் பார்த்தேன். அவள் தினமும் பேசும்போது நட்சத்திரம் சரியாகவே விழுந்திருக்கும். மறுநாள் வந்து பார்த்தால் லெவல் இறங்கியிருக்கும். பழைய பதிவைத் திறந்து கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை, யாருக்குத்தான் தன் குரலைக் கேட்கப் பிடிக்கும்? இரண்டு வாரம் தன் நாக்கைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று எழுந்து, அறிவியல் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவேன்.

வியாழக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். மில்லிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையெல்லாம் நார்த்தூள். ஆங்கில டீச்சர் யார் என்று விசாரித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு சந்தேகமுங்க. எம்புள்ளைக்கு நாக்குல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"அவதானுங்க. அந்த டேப்பு சொல்லுதாமா. நேத்து ஏறுனது இன்னைக்கு எறங்கிப்போகுதாமா. நான் சரியாத்தான் சொல்றேன், ஆனா தப்பா வருதும்மாங்கறா. ரெண்டு நாளா ஊட்டுலயும் பேச்சைக் காணோமுங்க. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டிப்போடலாம்னுட்டு அரை நாள் லீவு சொல்லிப்போட்டு வந்தேனுங்க. உங்களுக்குத்தான் தெரியும், மூணு வருசமா அவ பேசறதைக் கேக்கறீங்க."

என்னால் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "டாக்டரெல்லாம் வேண்டாமுங்க, கொஞ்சம் உக்காருங்க" என்று அவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். அறிவியல் டீச்சரையும் அந்தப் பெண்ணையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், டேப்பைக் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த ரெண்டு வாரம் அஞ்சாம் பீரியடுல பேசுனது இவ இல்லீங்க. நான்."

அறிவியல் டீச்சருக்குப் புரியவில்லை. மயிலைத் திறந்து, நான் காட்டிய தேதியைத் தொட்டார். ஹெட்போன் மாட்டியிருக்கவில்லை. ஒரு விவசாயி சந்தைக்குப் போன வாக்கியம், என் குரலில், அந்த அறை முழுக்கக் கேட்டது. அதற்கடுத்தும் அதே வாக்கியம். அதற்கடுத்தும். அவர் உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்காகத்தான் அடக்கினார். அப்போது அதற்கும் அவர் மேல் எரிச்சல்தான் வந்தது.

"உங்க கணக்குலயே பேசியிருக்கலாமேங்க டீச்சர்" என்றார்.

"நீங்க பாத்துருவீங்கன்னுதானுங்க பேசல."

அவர் டேப்பை நிறுத்தி மேஜையில் வைத்தார். பிறகு, "சார்கிட்ட நான் பேசிக்கறேனுங்க. பேரை இன்னும் அனுப்பல, மாத்திக்கலாம்" என்றார். யார் செய்தது என்று சொல்வாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. என் மானம் அவர் கையில் இருந்தது. என்னுடையதில் அவர் கைக்குப் போகாமல் இருந்தது அது ஒன்றுதான், இப்போது அதையும் கொடுத்தாகிவிட்டது.

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "உன் நாக்குல ஒரு கொறையும் இல்ல கண்ணு. அந்த நாலு என்னுதுதான். உன்னோடது ஆறுதான்" என்றேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை புத்தகத்தின் மூலையைத் தேடுவதுபோல் துப்பட்டா நுனியைச் சுருட்ட ஆரம்பித்தது.

"அப்ப, நான் பேசுனதெல்லாம் நீங்க கேட்டீங்களா டீச்சர்?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஆமாம் என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். போட்டிக்குப் பெயரை மாற்றலாம், லெவலைச் சரி செய்யலாம், ஆனால் இனி அவள் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசமாட்டாள். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில்தான் அவள் பேசியதே. இல்லை என்று சொன்னால், அவள் சொன்னதைக் கேட்டேன், அது உண்மைதான், மன்னித்துவிடு என்று என்னால் எப்போதும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த டேப் சொன்ன நன்றியைவிடப் பெரிதாக ஒன்றை நான் அவளுக்குச் சொல்லியிருக்க முடியும்.

"இல்ல கண்ணு. அதுல கேள்வி கேக்கற பகுதின்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. பாடத்தை மட்டுந்தான் தொட்டேன்" என்றேன்.

என் கண்ணைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள். வெளியே ஓடிப்போய் அம்மாவிடம் என்னவோ சொன்னாள், அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போட்டிக்கு அவள்தான் போனாள். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் மூன்று நிமிடமும் நிற்காமல் பேசினாளாம். அறிவியல் டீச்சர்தான் வந்து சொன்னார். ஹெச்.எம்.மிடம் அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் பல்புப் படத்துக்கு மாறிவிட்டேன். இரண்டாவது லெவலில் இருக்கிறேன், அறிக்கையில் எல்லோரும் பார்க்கலாம்.

போட்டி முடிந்த வாரம் வகுப்பில் அவளை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். அவள் முதல் வார்த்தைக்கு வாயெடுத்ததும் என் புருவம் மேலே ஏறுவது எனக்கே தெரிந்தது. திருத்துவதற்குத் தயாராக உதடு பிரிந்திருந்தது. டேப்பிடம் அவள் சொன்னது நிஜம். உடனே முகத்தை மாற்றிச் சிரித்துவிடப் போனேன். அதற்குள் ஒன்று உறைத்தது. மூன்று வருடமாக இல்லாத சிரிப்பு இன்றைக்கு வந்தால், நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ஏறின புருவத்தை அப்படியே ஏறினபடியே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு வரி படித்துவிட்டுத் திக்கி நின்றாள். உட்காரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு, அவளுக்குத் தெரியாதபடி, என் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வாரம் அவள் படிக்கும்போது என் புத்தகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஜன்னலைப் பார்த்தேன். வருடக் கடைசியில்தான் அவளைப் பார்த்துச் சும்மா நிற்க முடிந்தது. அன்று ஒரு பத்தி முழுவதையும் படித்தாள், தப்போடுதான். நான் எதையும் திருத்தவில்லை. மணி அடித்ததும் அவள் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இன்று என்ன நடந்தது என்று அது அவளைக் கேட்டிருக்கும். அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.